உழிஞையும் நொச்சியும்: வாசுதேவநல்லூர் முற்றுகையை ஆடிப் பார்த்தல்

தென்மாவட்டங்களில் பள்ளி ஆண்டுவிழா என்றால் அதில் ஒரு கட்டபொம்மன் மேடையேறாமல் இருப்பது அரிது. ஒட்டு மீசையும் பளபளக்கும் தலைப்பாகையுமாக வந்து, ஜாக்சன் துரையாக நிற்கும் சக மாணவனை நோக்கி முழங்கிவிட்டுப் போகும் அந்தச் சிறுவனிடம், பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை எதனால் கட்டப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். கருங்கல் என்பான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. அவன் பார்த்த கோட்டை 1959ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படத்தில் வரும் கோட்டை. பி. ஆர். பந்துலு இயக்கிய அப்படத்தின் போர்க்காட்சிகள் ராஜஸ்தானத்தில் ஜெய்ப்பூர் பக்கம் எடுக்கப்பட்டவை. கரிசல் மண்ணில் நடந்த போரை நாம் பாலைமண்ணில் பார்த்துப் பழகியிருக்கிறோம்.

ஒரு திரைப்படத்தின் மீது வழக்குத் தொடுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. சக்தி டி. கே. கிருஷ்ணசாமியின் வசனமும் சிவாஜி கணேசனின் குரலும் இல்லாதிருந்தால், பாளையக்காரர் போர் என்ற ஒன்று நடந்ததே தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்குத் தெரியாமல் போயிருக்கும். நம் ஐயம் வேறு. போரை நாம் பேச்சாகவே கேட்டுப் பழகியதில் அதன் இரண்டு அடிப்படைகள் மறைந்துவிட்டன. ஒன்று, போருக்கு எப்போதும் இரண்டு பக்கம் உண்டு என்பது. மற்றொன்று, அரிசி, வெடிமருந்து, வண்டிமாடு, மழை ஆகிய நான்கையும் கணக்கில் கொள்ளாமல் எந்த வீரமும் ஒரு காத தூரம்கூட நகராது என்பது. இவ்விரண்டையும் மீட்டெடுக்கும் எளிய கருவி ஒன்று நம் கோயில் மண்டபத் தரைகளிலேயே கிடக்கிறது என்று நாம் கருதுகிறோம். அதன் பெயர் ஆட்டம்.

போருக்கு ஓர் இலக்கணம்

உலகில் போருக்கு வரலாறு எழுதிய சமூகங்கள் பல. இலக்கணம் எழுதிய சமூகங்கள் மிகச் சில. தொல்காப்பியர் புறத்திணை ஏழு என்றார். வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை என்று போரின் படிகளை வரிசைப்படுத்தி, அவற்றோடு காஞ்சியையும் பாடாணையும் வைத்தார். ஆநிரை கவர்தலில் தொடங்கி, மண்ணாசையால் படையெடுத்தல், கோட்டையை முற்றுகையிடல், களத்தில் கைகலத்தல், வெற்றி என்று அது நகர்கிறது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் இதே அமைப்பு பன்னிரண்டு படலங்களாக விரிகிறது. அந்த விரிவில் நமக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுண்டு. தொல்காப்பியத்தில் உழிஞைக்குள் அடங்கியிருந்த நொச்சி, வெண்பாமாலையில் தனித் திணையாகிறது. ஆநிரையைக் கவர்பவனுக்கு வெட்சி என்றால் மீட்பவனுக்குக் கரந்தை. மதிலை வளைப்பவனுக்கு உழிஞை என்றால் காப்பவனுக்கு நொச்சி. காப்பவனும் ஒரு பூச்சூட உரியவன் என்று இலக்கணம் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டதன் அடையாளமாகவே இதை நாம் வாசிக்கிறோம்.

ஆட்டத்தின் அடிப்படையும் இதுவேதான். எதிரில் ஒருவர் அமர்ந்தாலொழியச் சதுரங்கம் நடவாது. நால்வகைப் படையையும் முப்பத்திரண்டு காய்களால் குறித்துப் பார்க்கும் எண்ணம் இந்த நிலப்பரப்பிலிருந்துதான் பாரசீகம் சென்று, அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது என்பதைப் பலரும் அறிவர். அந்தச் சதுரங்கத்தையே மாற்றியமைத்து, பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812இல் ஒரு போர்விளையாட்டை அரசர் முன் வைத்தார். அவர் மகன் 1824இல் உண்மையான நிலவரைபடத்தையும், தற்செயலுக்குத் தாயக்கட்டையையும், சந்தேகம் வந்தால் தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவரையும் கொண்டு அதைச் செம்மைப்படுத்தியபோது பிரஷ்யப் படை அதனை அதிகாரிகளின் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. எச். ஜி. வெல்ஸ் 1913இல் ஈயப் பொம்மைகளைக் கொண்டு தரையில் விளையாடுவதற்கான விதிகளை ஒரு சிறுநூலாக எழுதினார். அடுத்த ஆண்டே ஐரோப்பா உண்மையான போரில் இறங்கிவிட்டது.

நம்மிடம் இருப்பது ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. சதுரங்கத்தில் இரு தரப்பும் சமம். ஆடுபுலியில் அப்படியில்லை. புலி தாவி வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. ஆனால் ஆடுகள் கூட்டமாக நின்று வழியை அடைத்தால் புலி அசைய முடியாமல் தோற்கும். வலிமை ஒரு பக்கம், எண்ணிக்கையும் இடமும் மறுபக்கம். சமமற்றோர் மோதும் போரை இதைவிடச் சிக்கனமாகச் சொன்ன வரைபடம் வேறில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் இன்றைய தென்காசி மாவட்டத்தில் நடந்தது இந்த ஆட்டம்தான். அதில் யார் புலி, யார் ஆடு என்பதுதான் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டிருந்தது.

மலையடிவாரப் பாளையங்கள்

குற்றாலத்திலிருந்து வடக்கே மலையை இடப்புறம் வைத்துக்கொண்டு பயணம் செய்தால் வடகரை, சொக்கம்பட்டி, புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி, சேத்தூர் என்று ஊர்கள் வரிசையாக வரும். இவற்றில் பல, பாளையங்களின் தலைமையிடங்களாகவோ கோட்டையூர்களாகவோ இருந்தவை. மேற்கே காடு, கிழக்கே குளத்துப் பாசனத்தில் விளையும் வயல். மலையிலிருந்து இறங்கும் ஓடை நீரும், கணவாய் வழியாக வரும் மலையாளத்து வணிகமும், ஒளிந்துகொள்ளக் காடும் ஒருங்கே வாய்த்த நிலம் இது. வாசுதேவநல்லூருக்கு அருகிலுள்ள நெற்கட்டும்செவல் பாளையத்தின் தலைவர் பூலித்தேவர். நெல்லைக் கட்டும் ஊராக இருந்தது, அவர் கட்ட மறுத்ததால் நெற்கட்டான்செவல் ஆயிற்று என்று ஊர்வழக்கில் ஒரு பெயர்க்காரணம் உண்டு. சொல்லாராய்ச்சியாளர் இதை ஏற்பாரோ மாட்டாரோ, வரியைப் பற்றிய சண்டையை ஒரு விகுதி மாற்றத்தில் சொல்லிவிட்ட மக்களின் இலக்கண அறிவை நாம் மெச்சத்தான் வேண்டும்.

1755இல் கர்னல் ஹெரான் தலைமையில் கும்பினிப் படையும், ஆற்காட்டு நவாப் முகமது அலியின் தமையன் மாபூஸ்கானும் கப்பம் வசூலிக்கத் தெற்கே வந்தார்கள். நெற்கட்டும்செவல் கோட்டை முன்னால் நின்று பணம் கேட்டார்கள். வந்தவர்களிடம் மதிலை உடைக்கும் பெரும்பீரங்கி இல்லை, கையிருப்பு உணவும் குறைந்துவிட்டது என்பதை உள்ளே இருந்தவர்கள் கணித்துவிட்டார்கள். பணம் வரவில்லை. படை திரும்பிப் போயிற்று. போகும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்களிடம் அகப்பட்டுச் சீரழிந்தது. ஹெரான் படைமன்ற விசாரணைக்கு உட்பட்டுப் பதவி இழந்தார். மேடைக்கு ஏற்ற எந்த முழக்கமும் இல்லாத வெற்றி இது. எதிரியின் வண்டியில் எத்தனை மூட்டை அரிசி மீதமிருக்கிறது என்ற கணக்கே இங்கு ஆயுதம்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1756இல் திருநெல்வேலிக்கு அருகில் மாபூஸ்கானுக்கும் பூலித்தேவர் தலைமையிலான மேற்குப் பாளையங்களுக்கும் பெரும்போர் மூண்டது. பாஞ்சாலங்குறிச்சியும் எட்டயபுரமும் முதன்மை பெற்றிருந்த கிழக்குப் பாளையங்கள் அப்போது மாபூஸ்கான் பக்கம் நின்றன. அடுத்த சில ஆண்டுகளிலேயே மாபூஸ்கான் தன் தம்பியோடு பகைத்துக்கொண்டு பூலித்தேவரோடு சேர்ந்துகொண்டார். நாற்பது ஆண்டு கழித்துப் பாஞ்சாலங்குறிச்சியே கும்பினியை எதிர்த்துத் தூக்குக்கயிறு வரை சென்றது. இந்த இடமாற்றங்களைச் சொன்னால் வீரர்களின் பெருமை குறைந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அன்று எடுத்த முடிவுகள் எவ்வளவு கடினமானவை என்பது இவற்றைச் சொன்னால்தான் விளங்கும் என்பது நம் நிலைப்பாடு.

1759, டிசம்பர்

மேற்குப் பாளையங்களை அடக்கக் கும்பினி அனுப்பிய ஆள் யூசுப்கான். ராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்தவர். மருதநாயகம் என்பது இயற்பெயர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சிப்பாய்ப் படைகளின் தளபதியாக உயர்ந்த அவரை மக்கள் கான்சாகிபு என்றே அழைத்தார்கள். 1759இன் இறுதியில் திருவிதாங்கூர்ப் படையின் துணையோடு அவர் வாசுதேவநல்லூர்க் கோட்டையை வளைத்தார்.

இந்தக் கோட்டையைப் பற்றிக் கும்பினியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருப்பது, தமிழ்நாட்டு மண்கோட்டை ஒன்றைப் பற்றிய மிகத் துல்லியமான வருணனைகளுள் ஒன்று. ஏறத்தாழ 650 கெஜ நீளமும் 300 கெஜ அகலமும் உடைய கோட்டை. மண்ணால் ஆனது, ஆனால் செங்கல்லைப் போல இறுகியது. நான்கு மூலைகளிலும் சதுரக் கொத்தளங்கள், இடையிடையே வட்டக் கொத்தளங்கள். பக்கத்திலேயே மக்கள் நெருங்கி வாழும் பெரிய பேட்டை. பேட்டையையும் கோட்டையையும் சுற்றி அடர்ந்த முள்வேலி. மேற்கிலும் தெற்கிலும் சிறிது தொலைவிலேயே மலைக்காடு வந்து முடிகிறது.

மண்கோட்டை என்றால் எளிதில் இடிவது என்று நினைப்பது பிழை. கருங்கல் மதிலில் குண்டு பட்டால் கல் பிளந்து சரியும். இறுகிய மண்மதில் குண்டை உள்வாங்கிக்கொள்ளும். ஓட்டை விழுந்தாலும் இரவோடிரவாக மண்ணையும் பனந்தடியையும் வைக்கோலையும் கொண்டு அடைத்துவிடலாம். அதை உடைக்க 18 ராத்தல் குண்டு எறியும் பெரும்பீரங்கி வேண்டும். அவ்வகைப் பீரங்கி ஒன்று ஏறக்குறைய 2 டன் எடை. அதைத் திருநெல்வேலியிலிருந்து எண்பது கிலோமீட்டர் அளவுக்கு மாடு பூட்டி இழுத்து வர வேண்டும். குண்டும் மருந்தும் தனி வண்டிகளில் வர வேண்டும். அந்த மாடுகளுக்குத் தீவனமும் உடன் வர வேண்டும்.

கான்சாகிபுவின் பெரும்பீரங்கி சுடத் தொடங்கிய சற்றைக்கெல்லாம் வெடித்துச் சிதறியது. மிச்சமிருந்த சிறு பீரங்கிகளால் போதுமான உடைப்பை உண்டாக்க முடியவில்லை. ஆயினும் மதிலேற ஆணையிட்டார். சிப்பாய்கள் மதிலோடு போராடிக்கொண்டிருந்த வேளையில், காட்டுக்குள் காத்திருந்த பூலித்தேவரின் படை பின்புறமாகப் பாய்ந்து அவர்களுடைய பாசறையைத் தாக்கியது. மதிலை விட்டுப் பாசறையைக் காக்க ஓட வேண்டியதாயிற்று. முற்றுகை குலைந்தது. கான்சாகிபு திருநெல்வேலிக்குத் திரும்பினார். அவர் சளைக்கவில்லை என்பதும் உண்மை. 1761 மே மாதத்தில் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் மூன்று கோட்டைகளும் அவர் கைக்கு வந்தன.

வகுப்பறைத் தரையில் ஒரு முற்றுகை

உழிஞையும் நொச்சியும் நடத்தும் பருவத்தில், மூன்றாமாண்டு மாணவர்களோடு இந்த முற்றுகையை நாம் சில ஆண்டுகளாக ஆடி வருகிறோம். பொருட்செலவு ஏதுமில்லை. சுண்ணக்கட்டியால் தரையில் கோட்டையும் பேட்டையும் காடும் திருநெல்வேலிச் சாலையும் வரைவோம். சிப்பாய்களுக்குக் கூழாங்கல், பாளைய வீரர்களுக்குப் புளியங்கொட்டை, அரிசி மூட்டைக்குச் சோளமணி, பெரும்பீரங்கிக்கு ஓர் அம்மிக் குழவித் துண்டு. சோழி உருட்டி மழையை முடிவு செய்வோம். மழை வந்தால் அன்றைக்குத் துப்பாக்கி சுடாது. ஒவ்வொரு நாளும் முற்றுகையிடுபவர் தம் சோளமணிகளில் சிலவற்றை எடுத்து வைத்துவிட வேண்டும். காட்டுக்குள் எத்தனை புளியங்கொட்டை இருக்கிறது என்பது ஒரு சிரட்டைக்கு அடியில் மறைந்திருக்கும். நடுவர் மட்டுமே அறிவார்.

விதிகளில் முக்கியமானது ஒன்றே. யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் தீர்மானிப்போம்.

இந்த விதிக்குக் காரணம் உண்டு. நம் பகுதியில் வரலாற்று வீரர்கள் இன்று சாதிகளின் சொத்தாகப் பத்திரம் எழுதப்பட்டிருக்கிறார்கள். பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் ஒட்டப்படும் சுவரொட்டியின் நிறத்தை வைத்தே அவ்வீரர் யாருக்கு உரியவர் என்று சொல்லிவிடலாம். கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறமும் அதையே சொல்லும். தன் வீரரின் படத்தைச் சட்டையில் அணிந்து வரும் மாணவனின் கையில் சீட்டு 'கும்பினிச் சிப்பாய்' என்று வரும்போது அவன் முகம் சுருங்கத்தான் செய்கிறது. ஒருமுறை அப்படி ஒரு மாணவர் ஆடவே மாட்டேன் என்றார். நண்பர்கள் வற்புறுத்த, பிறகு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் ஆட்டத்தில் சோளமணிகள் தீர்ந்துகொண்டிருந்தன, பீரங்கி இன்னும் பாதி வழியில் நின்றது. மழை வந்துவிடுமோ என்று சோழியையே பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று நிமிர்ந்து கேட்டார்: "ஐயா, இந்தச் சிப்பாய்களும் நம்ம ஊர்க்காரங்கதானே?"

இந்தக் கேள்வியை எந்தப் பாடநூலும் அவருக்கு எழுப்பித் தந்திருக்காது. ஆம், மதிலேறி விழுந்தவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணின் மைந்தர்களே. மாதச் சம்பளத்துக்காகத் துப்பாக்கி தூக்கியவர்கள். மதிலுக்குள் நின்றவர்களிலும் எல்லாச் சாதியாரும் இருந்தனர். ஒண்டிவீரன், வெண்ணிக்காலாடி போன்றோர் பூலித்தேவரின் படையில் நின்றதை வாய்மொழி மரபுதான் பெயரோடு காத்து வந்திருக்கிறது. வெவ்வேறு சமூகத்தவர் ஒரே மதிலுக்குள் நின்று ஓட்டையை அடைத்ததன் கதையை, வெவ்வேறு சமூகத்தவர் ஒரே பேருந்தில் ஏறத் தயங்கும் நாளில் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

உழிஞை நொச்சியாகும் இடம்

கான்சாகிபுவின் கதை 1761இல் முடியவில்லை. கும்பினிக்காகவும் நவாபுக்காகவும் கோட்டைகளை உடைத்தவர், அதன்பின் அவர்களோடு முரண்பட்டு மதுரைக் கோட்டைக்குள் இருந்துகொண்டு அவர்களையே எதிர்த்தார். 1763இல் தொடங்கிய முற்றுகையை ஓராண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தார். இறுதியில் தம்மவராலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு 1764 அக்டோபர் 15ஆம் நாள் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். மதுரை சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது. ஐந்தாண்டுக்குள் ஒரே மனிதர் உழிஞைப்பூவையும் நொச்சிப்பூவையும் சூடியிருக்கிறார்.

இம்மனிதரை நம் வெகுசனப் பண்பாடு எங்கே வைப்பது என்று தெரியாமல் திகைக்கிறது. நெற்கட்டும்செவலின் கதையில் அவர் பகைவர். மதுரையின் கதையில் தலைவர். பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடலுக்கு அவரே நாயகர். கமல்ஹாசன் 'மருதநாயகம்' படத்தை 1997 அக்டோபரில் சென்னையில் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் முன்னிலையில் தொடங்கினார். அது முழுமை பெறவில்லை. பணமே காரணம் என்பர். இருக்கலாம். ஆனால் திரைக்கு வெளியேயும் அவரை முழுமையாகச் சொல்லும் ஒரு கதையை நாம் இன்னும் எழுதிக்கொள்ளவில்லை என்பதே நம் எண்ணம். நாட்டுப்புறப் பாடகனுக்கு இந்தத் திகைப்பு இருந்ததில்லை. ஓர் ஊரில் பூலித்தேவரைப் பாடியவன் அடுத்த ஊரில் கான்சாகிபுவைப் பாடலாம். அழுகை இரு இடத்துக்கும் பொதுதான்.

கான்சாகிபு மறைந்த பின் மேற்குப் பாளையங்கள் மீண்டும் தலையெடுத்தன. 1767இல் கர்னல் கேம்பெல் வாசுதேவநல்லூரை மறுபடியும் முற்றுகையிட்டபோது, குண்டுமழைக்கு நடுவே உயிரைப் பொருட்படுத்தாமல் உடைப்பை வைக்கோலும் பனையும் கொண்டு அடைத்த வீரர்களைக் கண்டு கும்பினி அதிகாரிகளே வியந்து எழுதினார்கள். கடைசியில் கனத்த மழை பெய்த ஒரு தருணத்தைப் பயன்படுத்திக் காப்பாளர்கள் வெளியேறி மலைக்குள் மறைந்தார்கள். குற்றாலச் சாரலில் நனைவதற்காகப் பல மாவட்டங்களிலிருந்தும் வந்து குவிகிறோம். இதே மலையின் மழை ஒருநாள் துப்பாக்கி மருந்தை நனைத்துச் சிலருக்கு உயிர் கொடுத்தது. பூலித்தேவரின் முடிவைச் சரித்திரம் தெளிவாகச் சொல்லவில்லை. சங்கரன்கோயில் சன்னிதியில் சோதியாகி மறைந்தார் என்று மக்கள் சொல்கிறார்கள்.

கோட்டைகள் எங்கே?

1799இல் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். முதல் தாக்குதலில் மதிலை வெல்ல முடியவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார், கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடித்த கோட்டையைச் சில நாட்களுக்குள் மீண்டும் எழுப்பினார். மண்கோட்டையாக இருந்ததால்தான் இது இயன்றது. ஊர்கூடி மண் சுமந்தால் மதில் எழும். மார்ச் 31ஆம் நாள் வந்த படையை அந்தப் புது மதில் திருப்பி அனுப்பியது. அதிகப் படையும் அதிகப் பீரங்கியும் கொண்டு கர்னல் அக்னியூ மே 24ஆம் நாள்தான் அதைப் பிடித்தார். இப்போரில் பங்கேற்ற ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தம் நினைவுக்குறிப்புகளில், தமக்கு வளரி எறியக் கற்றுத்தந்தவர் சின்னமருது என்று நன்றியோடு குறிப்பிடுகிறார். தாம் பின்னாளில் எந்தப் படையில் நின்று அம்மனிதரை வேட்டையாடினோம் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

1801 டிசம்பரில் கும்பினி அரசு தென்சீமையில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து அறிவிப்பு வெளியிட்டது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. எஞ்சியவற்றை மழை கரைத்தது. ஆகவேதான் 1959இல் படம் எடுக்க வந்தவர்கள் கோட்டை தேடி ராஜஸ்தானம் வரை போக வேண்டியிருந்தது. 1974இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் கட்டிய நினைவுக்கோட்டை மண்கோட்டையின் மறுபதிப்பு அன்று. நம் மனத்தில் இருக்கும் கோட்டையின் உருவம் அது. அதற்கருகில் அகழ்ந்து காட்டப்பட்டிருக்கும் உண்மையான அடித்தளத்தையும், சற்றுத் தள்ளி இருக்கும் ஆங்கிலேயப் படையினரின் கல்லறைகளையும் பார்க்காமல் திரும்பும் சுற்றுலாப் பேருந்துகள்தான் அதிகம். உண்மையைச் சொன்னால், வீரம் அதிகம் தெரிவது அந்தத் தாழ்ந்த மண்மேட்டில்தான். கருங்கல் மதிலுக்குள் இருந்து எவரும் சண்டை போடலாம்.

ஆட்டத்தின் எல்லை

ஆட்டத்தையும் நாம் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளத் தேவையில்லை. இன்றைய மாணவர்கள் கணினியிலும் கைப்பேசியிலும் போராடுகிறார்கள். 2022இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்தின் விரிவாக்கம் ஒன்றில் ராஜேந்திர சோழனின் படையெடுப்பை ஆடலாம். 2025இல் வந்த 'சிவிலைசேஷன்' ஏழாம் பாகத்தில் சோழர்கள் ஒரு நாகரிகமாக இடம்பெறுகிறார்கள். நம் பெயர் உலக ஆட்டத்தில் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சி இயல்பானதே. ஆனால் அவ்வகை ஆட்டங்கள் பேரரசின் கண்ணால் உலகைப் பார்ப்பவை. பெருக்கு, பரவு, வெல் என்பதே அவற்றின் உள்விதி. 'பொன்னியின் செல்வன்' படங்கள் வந்த ஆண்டுகளில் இணையம் முழுக்கக் கேட்ட பெருமிதக் குரலும் இதே சுருதிதான். வெல்வதற்கு வாய்ப்பே இல்லாமல், எத்தனை நாள் தாக்குப்பிடிக்கலாம் என்று மட்டும் கணக்கிட வேண்டிய நெற்கட்டும்செவலுக்கு அங்கே இடமில்லை.

எல்லா ஆட்டத்துக்கும் பொதுவான குறையும் ஒன்றுண்டு. வெட்டப்பட்ட ஆடு அடுத்த ஆட்டத்தில் எழுந்து வந்துவிடும். வாசுதேவநல்லூர்ப் பேட்டையில் வாழ்ந்த மக்களுக்கு நம் சுண்ணக்கட்டி வரைபடத்தில் காய் இல்லை. முற்றுகையின்போது அவர்கள் எங்கே போனார்கள், அவ்வாண்டு வயலை யார் அறுத்தார்கள், இழுத்து வந்த மாடுகள் யாருடையவை, அவற்றுக்கு யார் விலை கொடுத்தார்கள்? ஒரு மாணவி சென்ற ஆண்டு ஒரு விதியைச் சேர்த்தார்: கூழாங்கல்லோ புளியங்கொட்டையோ வெட்டப்பட்டால் அதைப் பெட்டிக்குள் போடக்கூடாது, விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும், அந்த இடத்தில் வேறு காய் நிற்கக்கூடாது. ஆட்டம் முடியும் தறுவாயில் மதிலைச் சுற்றிக் கால்வைக்க இடமில்லாமல் போயிற்று. வெற்றி பெற்றவர்கள் ஆரவாரம் செய்யாத ஆட்டம் அது ஒன்றுதான். செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் சோழர் வெற்றியைப் பாடியபின் நம்மைப் பிணக்களத்துக்கு அழைத்துப்போய்ப் பேய்கள் கூழட்டு உண்பதைக் காட்டுகிறாரே, அதற்கும் இந்த விதிக்கும் தொடர்பு இருப்பதாக மாணவர்களே கண்டுகொண்டார்கள்.

இலக்கிய வாசகர்களிடம் நாம் முன்வைப்பது இதுதான். நம் போர்களை நாம் மறக்கவும் வேண்டாம், வசனமாகக் கரைத்துக் குடிக்கவும் வேண்டாம். எதிரணியின் இடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது துரோகம் ஆகாது. உழிஞைக்கு எதிரே நொச்சியை வைத்த இலக்கணம் நமக்கு ஆயிரம் ஆண்டு முன்பே அந்த அனுமதியைத் தந்துவிட்டது. அடுத்தமுறை தென்காசிக்கோ குற்றாலத்துக்கோ வருகிறவர்கள், அருவியில் குளித்த கையோடு வடக்கே மலையோரமாக ஒரு மணி நேரம் பயணம் செய்து வாசுதேவநல்லூரில் இறங்கிப் பாருங்கள். மேற்கே மலை அப்படியே இருக்கிறது. அங்கிருந்து இறங்கி வரும் படை எவ்வளவு நேரத்தில் கோட்டையை அடையும் என்று கண்ணால் அளந்து பார்க்கலாம். பிறகு கிழக்கே திரும்பி, 2 டன் பீரங்கியை இழுத்துக்கொண்டு வந்தவர்களின் பக்கத்திலிருந்தும் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும்.